பழைய பேடைப் படிக்கத் தெரிந்தவருக்கே புதிய பேடைத் தேர்ந்தெடுக்கத் தெரியும்

எம்டிபி சைக்கிளுக்கு பிரேக் பேட் கேட்டு வருபவரிடம் எடுத்த எடுப்பில் விலை சொல்லிவிடாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது, “எதுக்காக மாத்தணும்ங்கறீங்க?” என்பதுதான். தேய்ந்துவிட்டது என்பார் ஒருவர். கத்துகிறது என்பார் இன்னொருவர். பிடிக்கவே மாட்டேங்குது என்பார் மூன்றாமவர். இந்த மூவருக்கும் ஒரே பொருள் தேவைப்படாது. மூன்றாமவருக்குப் புதிய பேடே தேவைப்படாமலும் போகலாம்.

சைக்கிள் கடையில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஞ்சர், செயின், வீல் கோட்டம் எடுப்பது எல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கும். வீ பிரேக்குக்குக் கட்டை மாற்றுவதும் தெரியும்; அதில் சைஸ் குழப்பம் அதிகமில்லை, கையில் இருக்கும் கட்டையைப் போட்டு ரிம்முக்கு நேராக நிறுத்தினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. டிஸ்க் பிரேக் அப்படியல்ல. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பேடில் ஒன்று பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பருக்குள் உட்காரும், மற்றது உட்காராது. உட்கார்ந்துவிட்டாலும் அது அந்த டிஸ்க்குக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. இதைச் சரியாகச் செய்து கொடுக்கும் ஆளைத் தேடித்தான் நல்ல சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஊர் தாண்டியும் வருகிறார்கள். பேட் சிறிய சரக்கு, அதில் லாபமும் சிறியது. ஆனால் ஃபோர்க் சர்வீஸும் பிரேக் பிளீடிங்கும் யாரிடம் கொடுக்கலாம் என்பதை வாடிக்கையாளர் முடிவு செய்வது இந்தச் சின்ன வேலையைப் பார்த்துத்தான்.

வடிவம் பொருந்தாவிட்டால் மற்றதெல்லாம் வீண்

பேடின் தரம், விலை, கம்பெனி எல்லாம் அடுத்த பேச்சு. முதலில் வடிவம். சைக்கிளின் பிராண்டைக் கேட்டால் விடை கிடைக்காது; காலிப்பரின் மாடலைப் பார்க்க வேண்டும். ஒரே சைக்கிள் மாடலில் ஒரு வருடம் டெக்ட்ரோ வரும், அடுத்த வருடம் ஷிமானோ வரும். காலிப்பரின் மேல் பொறித்திருக்கும் எண்ணைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் படியுங்கள். பிறகு பழைய பேடைக் கழற்றி அதன் முதுகுத் தகட்டில் இருக்கும் எண்ணையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் சந்தேகம் தீர்ந்தது.

ஷிமானோவை எடுத்துக்கொள்வோம், நம் கடைகளுக்கு வருவதில் அது கணிசம். எம்டி200 போன்ற ஆரம்பநிலை ஹைட்ராலிக் பிரேக்குகளுக்கு ‘பி’ வரிசைப் பேட்: பி01எஸ், அதற்குப் பின் வந்த பி03எஸ், பி05எஸ். மூன்றும் ஒரே வடிவம், மூன்றும் ரெசின். டியோர் எம்6000, எக்ஸ்டி எம்8000 போன்றவற்றுக்கு ‘ஜி’ வரிசை. அதே வடிவத்தில் வெப்பம் தணிக்கும் இறகுத் தகடு வைத்தது ‘ஜே’ வரிசை. நான்கு பிஸ்டன் காலிப்பர்களுக்கு, அதாவது எம்டி520, டியோர் எம்6120, எக்ஸ்டி எம்8120 போன்றவற்றுக்கு, இறகில்லாத ‘டி’ வரிசையும் இறகுள்ள ‘என்’ வரிசையும். கடைசி எழுத்து முதுகுத் தகட்டின் உலோகத்தைச் சொல்லும்: எஸ் என்றால் ஸ்டீல், ஏ என்றால் அலுமினியம், டிஐ என்றால் டைட்டானியம்.

நடுவிலுள்ள எண்ணை வைத்து ரெசினா மெட்டலா என்று ஊகிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். ஜி02ஏ ரெசின், டி02எஸ் மெட்டல். இரண்டிலும் இருப்பது 02 தான். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு எடுத்துக் கொடுங்கள்.

ஸ்ராம் பிரேக்குகளில் தொல்லை வேறு மாதிரி. கைடு, ஜி2 இரண்டுக்கும் ஒரே பேட் போதும். கோடு பிரேக்குக்கு வேறு. லெவல் என்ற ஒரே பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. வாடிக்கையாளர் போனில் “லெவல் பிரேக்குங்க” என்று சொன்னால் எடுத்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; வண்டியை எடுத்து வரச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பேடின் முதுகை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எண் அழிந்துபோன பேட் வந்தால் ஒரே வழி, மேசையில் வைத்து ஒப்பிடுவது. பழையதைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் புதியதை வையுங்கள். விளிம்பு, காது, பின் போகும் துளை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார வேண்டும். காது ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு பேட். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் அரத்தைத் தேடுவார்கள். “கொஞ்சம் ராவி விட்டா உள்ளே போயிடும்ணே.” போகும்தான். ராவின காது காலிப்பரின் சுவரில் சரியாகத் தாங்காமல், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டக் டக்கென்று முன்னும் பின்னும் ஆடும். மலை இறக்கத்தில் அந்த ஆட்டம் என்னவாகும் என்று யோசித்துவிட்டு அரத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பிற கம்பெனிப் பேட்கள் கெட்டவை அல்ல. கால்ஃபர், ஸ்விஸ்ஸ்டாப், ஈபிசி போன்றவர்கள் பேட் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். எந்தக் காலிப்பருக்கு எது என்று அட்டையிலேயே பட்டியல் போட்டிருப்பார்கள். பெயரில்லாத பாலித்தீன் உறையில் வருவதைத்தான் தள்ளி வைக்க வேண்டும். அதில் உரசும் பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாது, தகட்டில் ஒட்டிய பசை எவ்வளவு சூடு தாங்கும் என்பதும் தெரியாது.

டிஸ்க் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

வடிவம் கிடைத்துவிட்டது. அடுத்துப் பலர் விட்டுவிடும் படி ஒன்று இருக்கிறது. டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள். ஷிமானோவின் ஆர்டி10, ஆர்டி26, ஆர்டி30, ஆர்டி54 போன்ற விலை குறைந்த டிஸ்க்குகளில் “ரெசின் பேட் ஒன்லி” என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்த டிஸ்க்கின் ஸ்டீல் மெட்டல் பேடைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. மெட்டல் பேடைப் போட்டால் டிஸ்க் சீக்கிரம் அரைந்து போகும். “மெட்டல்தான் ஸ்ட்ராங்குன்னு ஃப்ரெண்டு சொன்னான்” என்று வருபவரிடம் இந்த எழுத்தைக் காட்டுங்கள். டிஸ்க்கும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் மெட்டல் போடலாம், இல்லையென்றால் ரெசின்தான் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதில் வளைந்து கொடுக்க இடமில்லை.

டிஸ்க்கின் கனத்தையும் அளந்துவிடுங்கள். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஸ்ராமின் பல டிஸ்க்குகள் 1.85-இல் தொடங்கி 1.55 வரை தாங்கும். மைக்ரோமீட்டர் இருந்தால் உத்தமம். சாதாரண வெர்னியரின் தாடை அகலமானது. டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு இருந்தால் அதன்மேல் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். தேய்ந்த பகுதியில் முனையை வைத்து அளக்கப் பழகுங்கள். தேய்ந்த டிஸ்க்குக்குப் புதிய பேட் போட்டு அனுப்பினால், பில்லில் உங்கள் கடைப் பெயர் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ரெசினா, மெட்டலா?

இந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் ஒரே வரிப் பதில் எதிர்பார்க்கிறார்கள். என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: நம் ஊரில் எம்டிபி வாங்குபவர்களில் பெரும்பாலோர் மலைப்பக்கமே போவதில்லை. ஆபீஸ், டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலை. அவர்களுக்கு ரெசின் பேட் போதும், போதும் என்பதைவிட அதுதான் பொருத்தம். ஆர்கானிக் என்று சொல்வதும் இதைத்தான். இழைகளையும் பொடிகளையும் பிசினில் சேர்த்து அழுத்திச் செய்தது. குளிர்ந்திருக்கும்போதே முதல் பிடியிலேயே பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கைக் கடிக்காது, சூட்டைக் காலிப்பருக்குள் அதிகம் கடத்தாது. விலையும் பெரும்பாலும் குறைவு. அதன் குறை மழையில் தெரியும். சேறும் மணலும் கலந்த தண்ணீரில் ரெசின் வேகமாகக் கரையும். ஒரே நாள் சேற்றுச் சவாரியில் பாதிப் பேட் போய்விட்டது என்று ஒருவர் வந்து நின்றால் அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை.

மெட்டல் என்பது உலோகப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்தது. சின்டர்டு என்று அட்டையில் இருக்கும். சேற்றிலும் மழையிலும் நீடிக்கும், நெடுநேரச் சூட்டிலும் பிடி விடாது. பதிலுக்கு அது கேட்பது: முதல் சில பிடிகளில் கொஞ்சம் மந்தம், நனைந்தால் கூச்சல், டிஸ்க்குக்குக் கூடுதல் தேய்மானம், காலிப்பரிலுள்ள எண்ணெய்க்குக் கூடுதல் சூடு. இரண்டுக்கும் நடுவே செமி மெட்டாலிக் என்று ஒன்று உண்டு. அது நடுவழி என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறுவதால் பெயரை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் மெட்டலை யாருக்குக் கொடுப்பது? மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ஆள் எடை, சுமை, இறக்கம். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆளும் சைக்கிளும் பையுமாக 90 கிலோ என்றால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது செலவழிக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1,700 கிலோஜூல். ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குபவருக்குக் காற்று உதவுவது குறைவு; மிச்சம் முழுவதும் சிறிய இரண்டு டிஸ்க்குகளில் இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையோ வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளையோ வாரம்தோறும் இறங்குபவருக்கு மெட்டல் பேட், அதைத் தாங்கும் டிஸ்க், முடிந்தால் முன்னால் 180 மி.மீ. டிஸ்க் என்று சொல்லலாம். வருடத்துக்கு ஒருமுறை சுற்றுலா போய் இறங்குபவருக்கு அவ்வளவு வேண்டாம். அவருக்குத் தேவை ஒரு ஆலோசனை: பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு விட்டுவிட வேண்டும். டிஸ்க் ஆறுவதற்கு அந்த இடைவெளி போதும்.

இங்கே ஒரு நுணுக்கம், நோயைக் கண்டுபிடிக்க மிகவும் உதவுவது. “இறக்கத்துல பிரேக் போயிடுச்சு” என்று ஒருவர் வந்தால், லீவர் எப்படி இருந்தது என்று கேளுங்கள். லீவர் கல்லு மாதிரி இருந்தது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால், பேட் சூடேறிப் பிடி விட்டிருக்கிறது. பேட் வகையை மாற்றினால் பலன் கிடைக்கும். லீவர் பஞ்சு போலாகி ஹேண்டில்பார் வரை வந்துவிட்டது என்றால், பிரேக் எண்ணெய் கொதித்திருக்கலாம், இல்லை உள்ளே காற்று இருக்கலாம். அதற்கு என்ன விலைப் பேட் போட்டாலும் தீராது, காற்றை வெளியேற்றி எண்ணெயைப் புதுப்பிக்கும் பிளீடிங்தான். எண்ணெயை நிரப்பும்போது ஷிமானோவுக்கும் டெக்ட்ரோவுக்கும் மினரல் ஆயில், ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் 5.1, மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல்கள் கெட்டுவிடும். ஸ்ராமிலேயே டிபி8, மேவன் இரண்டும் மினரல் ஆயிலில் ஓடுபவை. ஆகவே பிராண்டைப் பார்த்து ஊற்றாதீர்கள், லீவர் மூடியில் இருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

முன்னால் மெட்டல், பின்னால் ரெசின் என்று போடுவதில் தவறில்லை, டிஸ்க் ஒத்துக்கொண்டால். ஒரே காலிப்பரில் இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே சமயத்தில் மாற்றியதாக இருக்க வேண்டும். இன்னொன்று: பழைய ரெசினிலிருந்து மெட்டலுக்கோ மெட்டலிலிருந்து ரெசினுக்கோ மாறும்போது, டிஸ்க்கின் மேல் முந்தைய பேட் படிந்திருக்கும். நைஸ் உப்புத்தாளால் லேசாக வட்டமாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கழற்றிய பேடைக் குப்பையில் போடாதீர்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும். கழற்றிய இரண்டு பேடையும் வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது இடது, எது வலது என்று ஸ்கெட்ச் பேனாவால் முதுகில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் வைத்தால் அரை நிமிடத்தில் மறந்துவிடும்.

இரண்டும் சமமாக மெலிந்திருந்தால் நிம்மதி. உரசும் பொருள் ஷிமானோவில் 0.5 மி.மீ. மிச்சமிருந்தால் கடைசி எல்லை. ஸ்ராமில் தகட்டையும் சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டும். இரண்டு பேடுக்கும் நடுவிலுள்ள ஸ்பிரிங்கின் கால் பளபளவென்று தேய்ந்திருந்தால் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டார்கள் என்று அர்த்தம். டிஸ்க்கில் கீறல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

ஒன்று மெலிந்து மற்றது தடித்திருந்தால் புதிய பேட் போடுவதால் மட்டும் பிரச்சினை தீராது. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும், உள்பக்கம் நிலையானது. அந்த நிலையான பேடைத் தேய்மானத்துக்கு ஏற்ப அவ்வப்போது திருகி முன்னே கொண்டுவர வேண்டும். யாரும் செய்திருக்க மாட்டார்கள். டிஸ்க் ஒரு பக்கமாக வளைந்து வளைந்துதான் பிரேக் பிடித்திருக்கும். ஹைட்ராலிக்கில் இதே காட்சி என்றால், ஒரு பிஸ்டன் சிக்கிக்கொண்டு நகராமல் இருக்கும், அல்லது காலிப்பர் நடுவில் இல்லை.

ஆப்புப்போல் சாய்வாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் டிஸ்க்குக்கு இணையாக நிற்கவில்லை. ஃபிரேமில் காலிப்பர் உட்காரும் இடத்தில் பெயிண்ட் கட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். புது சைக்கிள்களில் இது சகஜம். மேல் விளிம்பில் ஒரு படிக்கட்டு மாதிரி தேயாத பகுதி நின்றிருந்தால், காலிப்பரைத் தாங்கும் அடாப்டரும் டிஸ்க் சைஸும் ஒத்துப்போகவில்லை. பேடின் ஒரு பகுதி டிஸ்க்குக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. தேயத்தேய இரண்டு பேடிலும் உள்ள அந்த விளிம்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அப்போது லீவரை எவ்வளவு அழுத்தினாலும் டிஸ்க்கில் பிடி இருக்காது. இந்தப் பேடைப் பார்த்ததும் வேலையை நிறுத்திவிட்டு டிஸ்க் அளவைப் பாருங்கள்.

முகம் கறுத்து மின்னினால் அது வழவழப்பேறிய பேட். இன்னும் கனம் இருந்தால், தட்டையான பரப்பில் உப்புத்தாளை விரித்து எட்டுப் போடுவதுபோல் தேய்த்து மேல் தோலை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு தேயுங்கள், அந்தத் தூளை ஊதாதீர்கள். வாடிக்கையாளருக்குப் புதிய பேட் செலவு மிச்சம். உங்களுக்கு லேபர் மட்டும் கிடைக்கும். பரவாயில்லை, அவர் திரும்ப வருவார்.

எண்ணெய் பட்ட பேட்தான் கடைசி, அதுதான் கடினமும். கத்தும், பிடிக்காது. தொட்டுப் பார்த்தால் சில சமயம் பிசுக்கே தெரியாது. “செயினுக்கு ஸ்பிரே அடிச்சீங்களா?” என்று கேளுங்கள். பின்பக்கப் பேட் மட்டும் கெட்டிருந்தால் பத்துக்கு எட்டு தடவை அங்கேதான் விடை. ஸ்பிரே காற்றில் பறந்து டிஸ்க்கில் விழுந்திருக்கும். செயினுக்குச் சொட்டு விட வேண்டும், அடிக்கக் கூடாது. ஸ்பிரே அடிக்கவில்லை என்று சாதித்தால் காலிப்பரைச் சந்தேகப்படுங்கள். பேடை எடுத்துவிட்டு, பிஸ்டன்களைச் சுற்றி டிஷ்யூவால் சுத்தமாகத் துடையுங்கள். பிஸ்டன்கள் வெளியே வராமல் தடுக்கும் பிளீட் பிளாக்கை நடுவில் வைத்து லீவரை அழுத்திக் கட்டி, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்து மறுபடி டிஷ்யூவை வையுங்கள். ஈரம் தெரிந்தால் சீல் கசிகிறது. அந்தக் காலிப்பரில் புதிய பேட் போட்டால் அதுவும் சீக்கிரமே அதே கதியாகும்; வாடிக்கையாளர் உங்கள் பேட் போலி என்று சொல்லுவார். காலிப்பரை மாற்றச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் பேட் விற்க மறுத்துவிடுங்கள்.

எண்ணெய்ப் பேடை அடுப்பில் காட்டிச் சுட்டு எடுக்கும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சொந்த வண்டியில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வண்டியில் வேண்டாம். தகட்டில் ஒட்டிய பசை அந்தச் சூட்டில் என்ன ஆனது என்று வெளியே தெரியாது.

மாட்டும்போது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய பேட் தடிமன். பிஸ்டன்கள் உள்ளே போக வேண்டும். பழைய பேட் உள்ளே இருக்கும்போதே பிளாஸ்டிக் டயர் லீவரால் இரண்டு பக்கமும் தள்ளுங்கள். பேடை எடுத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் நேராகப் பிஸ்டனைக் குத்தினால் செராமிக் பிஸ்டன் விளிம்பு உடையும். தள்ளும்போது பிஸ்டன் முரண்டு பிடித்தால், தேய்ந்த பேடோடு யாரோ எண்ணெயை நிரம்ப ஊற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள்; லீவரிலுள்ள பிளீட் துளையைத் திறந்து, துணி வைத்து, உபரியை வெளியே விடுங்கள். வீல் இல்லாதபோது லீவரைத் தொடக் கூடாது. கடையில் விளையாட்டாக யாராவது அழுத்துவார்கள், அதனால் காலிப்பரில் பிளாக்கைச் செருகியே வைத்திருங்கள்.

பேடின் முகத்தையும் டிஸ்க்கையும் வெறும் விரலால் தொடாதீர்கள். பேடைப் பிடிக்கும் பின் அல்லது போல்ட்டை லேசாக இறுக்கினால் போதும், பலம் காட்டினால் தலை உருண்டுவிடும். அதன் நுனியில் போடும் கிளிப்பை விட்டுவிடாதீர்கள். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்குங்கள். ஷிமானோவுக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

பிறகு பழக்க வேண்டும். புதிய பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் படிந்தால்தான் முழுப் பிடி வரும். நடுத்தர வேகத்தில் போய், நடக்கும் வேகம் வரும்வரை பிரேக் பிடித்து, நிற்காமல் விட்டுவிட வேண்டும். சுமார் 20 தடவை. அடுத்து இன்னும் கொஞ்சம் வேகமாகப் போய் 10 தடவை. ஸ்ராம் சொல்லும் கணக்கு இது, மற்றவற்றுக்கும் ஒத்துவரும். வீல் லாக் ஆகக் கூடாது. இதை வாடிக்கையாளரிடம் “நீங்களே வீட்டுக்குப் போற வழியில பண்ணிக்கோங்க” என்று விடுவதுதான் வழக்கம், அது தப்பு. அவர் நேராக டிராஃபிக்குக்குள் போவார். புதுப் பேடுக்கு முதல் சில பிடிகளில் பாதிப் பிடிதான் இருக்கும். கடை பக்கத்துத் தெருவில் நீங்களே ஓட்டி முடித்துக் கொடுங்கள். முதலாளிக்கு இந்தப் பத்து நிமிடம் வீண் போலத் தெரிந்தால், லேபரில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஸ்டாக், பில், மறுப்பு

எல்லா வடிவத்தையும் வாங்கி அடுக்க முடியாது. கடைக்கு வரும் காலிப்பர் மாடல்களை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் நான்கைந்து வடிவங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஷிமானோ ‘பி’ வரிசை ரெசின், கேபிள் டிஸ்க்குகளுக்கான ஓரிரு வடிவங்கள், உங்கள் பகுதியில் ஓடும் டெக்ட்ரோ வடிவம், இவை கையிருப்பில் இருக்கட்டும். மற்றவற்றை ஆர்டர் போட்டு வரவழையுங்கள். மலையூரில் வாடகைக்கு எம்டிபி விடுபவர்களுக்கு வேலை பார்த்தால் கணக்கு வேறு: அங்கே ஓட்டுபவர் யாரென்று தெரியாது, எடை தெரியாது, பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவார்கள் என்பது மட்டும் தெரியும். அந்த வண்டிகளுக்கு ஒரே மாதிரி காலிப்பர், மெட்டல் தாங்கும் டிஸ்க், மெட்டல் பேட் என்று ஒழுங்குபடுத்தச் சொல்லி உரிமையாளரை ஒப்புக்கொள்ள வையுங்கள். சீசனில் அவருக்கும் உங்களுக்கும் நிம்மதி.

பில்லில் “பிரேக் பேட் - 1 செட்” என்று எழுதாதீர்கள். முன்னா பின்னா, பேட் எண், ரெசினா மெட்டலா, டிஸ்க் கனம் என்ன இருந்தது, தேதி. எழுத ஒரு நிமிடம் ஆகும். ஆறு மாதம் கழித்து அவரே வந்து, “போன தடவை என்ன போட்டீங்கண்ணா?” என்று கேட்கும்போது உதவும். சண்டைக்கு வந்தாலும் உதவும். பழைய பேடைப் புதிய பேடின் உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லும் கடைகளைப் பார்த்து வந்தவருக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆன்லைனில் பேட் வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக் கொடுக்கச் சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். முகம் சுளிக்காதீர்கள். உறையைப் பிரிக்கும் முன் காலிப்பர் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிக்காமல் இருந்தால் அவரால் திருப்பி அனுப்ப முடியும். வடிவமும் டிஸ்க்கும் ஒத்துவந்தால் லேபர் வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுங்கள், பேட் வாடிக்கையாளர் கொண்டுவந்தது என்று பில்லில் குறித்துவிடுங்கள். ஒத்துவராவிட்டால் சரியான எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அவர் அதை வேறு கடையில் வாங்கினாலும் மாட்டுவதற்கு உங்களிடம்தான் வருவார்.